டவ்டெயில் வெட்ட எந்தக் கைரம்பம்? (தேக்கு டிராயர், 12 மி.மீ. பலகை)

புதுத்தச்சன்:

வணக்கம். எழுதுமேசைக்கு நாலு டிராயர், எல்லாமே தேக்கு. பக்கப் பலகை 12 மி.மீ., உயரம் 100 மி.மீ. முகப்புப் பலகை 20 மி.மீ. முகப்பில் வெளியே தெரியாத டவ்டெயில் (புறா வால் வடிவில் பலகைகள் பூட்டிக்கொள்ளும் இணைப்பு), அதாவது 7 மி.மீ. மரத்தை முன்னால் விட்டுவிட்டு 13 மி.மீ. ஆழம் மட்டும். பின்பக்கம் ஊடுருவும் சாதா டவ்டெயில்.

கையில் இருப்பது ஹார்டுவேர் கடையில் வாங்கிய 12 அங்குல டெனான் ரம்பம் (முதுகில் பட்டை வைத்த கைரம்பம்). அங்குலத்துக்கு 12 பல், தகடு கனம் 0.8 மி.மீ. கோட்டில் ஆரம்பித்தாலும் பாதி ஆழத்துக்குள் விலகிப் போகிறது. பலகையின் மறுபக்கம் நார் பிய்ந்து வருகிறது. தேவதாரு மாதிரி மெது மரத்தில் ஓரளவு பரவாயில்லை, தேக்கில் சுத்தமாக முடியவில்லை.

ஒரே ஒரு ரம்பம்தான் வாங்க முடியும். 15 பல்லா, 20 பல்லா? ஜப்பான் டொசுகி (இழுத்து வெட்டும் முதுகு ரம்பம்) இதற்குச் சரிவருமா? இல்லை, இருக்கிற டெனான் ரம்பத்தையே தீட்டி ஒப்பேற்றலாமா? வைஸ் (பலகையைப் பிடிக்கும் இறுக்கி) உள்ள மேசை இருக்கிறது, வலது கைப் பழக்கம்.

உளிமுனை:

பல் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம். முதலில் பல் எப்படித் தீட்டியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தொல்லையில் முக்கால்வாசி அங்கேதான்.

டவ்டெயிலில் வாலின் (ஒரு பலகை முனையில் விரிந்து நிற்கும் துண்டு) இரு பக்கமும், பின்னின் (மறு பலகையில் வால்களுக்கு நடுவே பொருந்தும் துண்டு) இரு பக்கமும் நார் வாக்கில்தான் வெட்டுகிறோம். குறுக்கே வெட்டுவது ஓரத்து அரைத் துண்டைக் கழிக்கும்போது மட்டும். அதனால் நீளவாக்கில் அறுக்கும் பல் வேண்டும். ஒவ்வொரு பல்லின் முனையும் குட்டி உளி மாதிரி தகட்டுக்கு நேர்குறுக்காகத் தட்டையாக இருக்கும். கடையில் கிடைக்கும் டெனான் ரம்பம் பெரும்பாலும் குறுக்குவெட்டுப் பல்லோடுதான் வரும். அதன் பல் கத்திமுனை போலப் பக்கவாட்டில் சரிந்திருக்கும். நார் வாக்கில் இறக்கினால் இரண்டு ஓரத்தைக் கீறுமே தவிர நடுவில் உள்ளதைப் பெயர்த்து எடுக்காது. பல்லிடுக்கில் மாவு போலத் தூள் அடைத்துக்கொள்ளும், ரம்பம் இறங்காது. இறங்கவில்லை என்று கை அழுத்தும், அழுத்தினால் வெட்டுத் தடம் வளையும்.

நார் பிய்வதற்குக் காரணம் வேறு. பல் இரு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்திருக்கிறதே, அந்தச் செட் உங்கள் ரம்பத்தில் அதிகமாக இருக்கும். ஈர மரத்துக்கும் கட்டட வேலைக்கும் அது வேண்டும். நன்றாகக் காய்ந்த தேக்கில் டவ்டெயில் வெட்ட, 0.5 மி.மீ. தகட்டுக்கு ஒரு பக்கம் 0.05 முதல் 0.08 மி.மீ. செட் போதும். தடத்தின் அகலம் 0.6 முதல் 0.66 மி.மீ.க்குள் நிற்கும். செட் கூடினால் தடத்துக்குள் தகடு ஆடும், ஒவ்வொரு தள்ளிலும் கொஞ்சம் திரும்பும்.

இப்போது பல் எண்ணிக்கை. ஒரே நேரத்தில் எத்தனை பல் மரத்துக்குள் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். 12 மி.மீ. பலகையில் 15 பல் ரம்பம் என்றால் 7 பல், 20 பல் என்றால் 9. தனிப் பலகைக்கு இரண்டுமே சரி. ஆனால் இடது, வலது பக்கப் பலகைகளைச் சேர்த்து வைஸில் பிடித்து வாலை ஒரே வெட்டாக வெட்டுவதுதான் நல்ல முறை. கோடும் நீளமாகக் கிடைக்கும், செங்குத்து பிசகாது. அப்போது கனம் 24 மி.மீ. 15 பல் ரம்பத்தில் 14 பல், 20 பல் ரம்பத்தில் 19 பல் உள்ளே இருக்கும். 20 பல்லின் இடுக்கு அத்தனை தூளைத் தாங்காது, வேகம் செத்துவிடும். மெதுவாக வெட்டும் ரம்பம் நேராக வெட்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, நேர்மாறு. குறைந்த தள்ளில் ஆழம் போய்விட்டால் கை விலக நேரமே இருக்காது. 13 மி.மீ. ஆழத்தைப் பத்துப் பதினைந்து தள்ளுக்குள் முடிக்க வேண்டும்.

ஆகவே 14 அல்லது 15 பல், நீளவாக்குத் தீட்டு, 9 அல்லது 10 அங்குல நீளம், தகடு 0.5 மி.மீ. வெரிட்டாஸ் கம்பெனியில் 14, 20 என்று இரண்டு வகை உண்டு, 14-ஐ எடுங்கள். லீ-நீல்சன் கம்பெனியில் 15 பல். அதில் 0.38 மி.மீ. மெல்லிய தகட்டு வகையும் இருக்கிறது, முதல் ரம்பமாக அது வேண்டாம். கை கொஞ்சம் முறுக்கினாலும் மெல்லிய தகடு வளைந்துவிடும்.

முதுகுப்பட்டைக்குக் கீழே தகடு 40 மி.மீ. இருந்தால் தாராளம். உங்களுக்குத் தேவை 13. உயரம் கூடக் கூட ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடிப்பதுதான் கஷ்டமாகும்.

இழுவாள்:

உளிமுனை சொன்னதில் பாதி டொசுகிக்கும் பொருந்தும், பாதி பொருந்தாது.

டொசுகியின் தகடு 0.3 மி.மீ. இழுக்கும்போது வெட்டுவதால் தகடு விறைப்பாக நிற்கும், வளைய வழியில்லை. அதனால்தான் அவ்வளவு மெல்லிசாகச் செய்ய முடிகிறது. தடம் மெல்லிது, சக்தி குறைவாகப் போதும், புதிதாகப் பிடிப்பவருக்கு ஆரம்பிக்கும் இடத்தில் திக்குமுக்காடல் இல்லை. இந்த மூன்றும் உண்மை.

ஆனால் வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆன்லைனில் டொசுகி என்று போட்டிருப்பதில் பெரும்பகுதி குறுக்குவெட்டுப் பல். நீண்டு ஒல்லியாக, மூன்று பக்கமும் தீட்டிய பல். நீளவாக்குப் பல் உள்ள டொசுகி தனியாக விற்கிறார்கள், பெயரிலேயே 'ரிப்' என்று இருக்கும். அதைத்தான் வாங்க வேண்டும். குறுக்குவெட்டு டொசுகியாலும் 12 மி.மீ. பலகையில் வேலை முடியும், பல் அவ்வளவு கூர்மை. ஆனால் மெதுவாகத்தான் போகும்.

ர்யோபா என்று ஒன்று உண்டு, ஒரு பக்கம் நீளவாக்குப் பல், மறுபக்கம் குறுக்குவெட்டு. ஒரே ரம்பம்தான் என்றால் அதுவும் ஆசை காட்டும். முதுகுப்பட்டை கிடையாது, தகடு 0.5 மி.மீ. பெரிய டெனான் (துளைக்குள் செருகும் நாக்கு) வெட்ட அருமை. டிராயர் டவ்டெயிலுக்கு நான் சொல்ல மாட்டேன். 13 மி.மீ. ஆழத்துக்கு 240 மி.மீ. நீளமுள்ள முதுகில்லாத தகடு அலையும்.

டொசுகியில் வெட்டும்போது கோடு உங்கள் பக்கம் இருக்கட்டும். தூள் உங்கள் பக்கமே விழுந்து கோட்டை மறைக்கும், ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பலகையை வைஸில் தாழ்வாகப் பிடியுங்கள், 30, 40 மி.மீ. மட்டும் வெளியே தெரிந்தால் போதும். உயரமாக நிறுத்தினால் இழுக்கும்போது பலகை சேர்ந்து அதிரும். அதிர்ந்தால் பல் உடையும்.

உளிமுனை:

அந்தக் கடைசி வரிதான் என் தயக்கமே. பைனிலும் சிடாரிலும் டொசுகி சொர்க்கம். தேக்கில் சமாளிக்கும். வேங்கை, ஈட்டி என்று போனால் ஒல்லிப் பல் பொடிப்பொடியாக உதிரும். தேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: மரத்துக்குள்ளேயே மணல் சத்து, அதாவது சிலிக்கா, இருக்கிறது. எந்தக் கூர்முனையையும் சீக்கிரம் மழுக்கிவிடும். இன்றைய ஜப்பான் ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பல்முனை மின்சாரத்தால் கடினப்படுத்தியது. அரம் ஏறாது. மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். தள்ளுரம்பத்துக்கு நாமே அரம் போட்டுக்கொள்ளலாம். தேக்கிலேயே வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இழுவாள்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாலு டிராயருக்கு ஒரு தகடு தாராளமாக வரும். மாற்றுத் தகடு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கினால் சரி. அரம் போடக் கற்றுக்கொள்ளப் போகிறாரா, டிராயர் செய்யப் போகிறாரா என்பதைப் பொறுத்தது.

அரம்போடி:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த டெனான் ரம்பத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதை வைத்துத்தான் அரம் போடப் பழக வேண்டும். புது 15 பல் ரம்பத்தில் பழகினால் மனசு வலிக்கும்.

முதலில் பல்லின் நிறத்தைப் பாருங்கள். முனை மட்டும் கருநீலமாக இருந்தால் கடினப்படுத்திய பல், அதோடு விட்டுவிடுங்கள். நிறம் தெரியாவிட்டால் கைப்பிடிப் பக்கத்துக் கடைசிப் பல்லில் அரத்தை லேசாக ஓட்டுங்கள். கண்ணாடியில் வழுக்குவது போலச் சத்தம் வந்து அரம் நழுவினால் முடியாது. பிடித்து இழுத்து, பளிச்சென்று கீறல் விழுந்தால் வேலை ஆகும்.

இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே தகட்டை வைத்து வைஸில் இறுக்குங்கள். பல்லின் அடி சட்டத்துக்கு மேலே 4, 5 மி.மீ. மட்டும் தெரியட்டும். அதற்கு மேல் நீண்டால் தகடு கிறீச்சிடும், அரமும் பாழாகும். தட்டை அரத்தை ஒரு மரக்கட்டையில் பொருத்தி, தகட்டுக்குச் செங்குத்தாக வைத்துப் பல்வரிசை முழுக்க மூக்கு (ரம்பத்தின் முன்முனை) வரை ஓட்டுங்கள். எல்லாப் பல் உச்சியிலும் ஒரு பளபளப்புப் புள்ளி தெரியும்வரை. ஒரு பல்லில் தெரியவில்லை என்றால் அது பள்ளமான பல். இன்னும் இரண்டு ஓட்டு. பிறகு பல் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துக்கொண்டால் எங்கே அரம் பட்டது, எங்கே படவில்லை என்பது தெரியும்.

அடுத்து முக்கோண அரம். 12 பல்லுக்கு 4 அல்லது 5 அங்குல நீளத்தில் மெலிந்த வகை. அரத்தின் ஒரு முகத்தின் அகலம் பல் ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் மூன்று மூலையும் தேயாமல் முறை வைத்துப் பயன்படும். தடித்த அரத்தின் மூலை மழுங்கலாக இருக்கும், பல்லிடுக்கு வட்டமாகிவிடும். அரத்தின் முனையில் ஒரு சின்ன மரக்கட்டையைத் துளையிட்டுச் செருகுங்கள். கட்டையின் மேல்விளிம்பு கிடையாக இருக்கும்போது பல்லின் முன்முகம் செங்குத்திலிருந்து 8 முதல் 10 டிகிரி பின்னால் சாயும்படி திருப்பி வைத்துக்கொண்டால், கடைசிப் பல் வரை அந்தக் கோணம் மாறாது. முன்முகம் நேர்செங்குத்தாக இருந்தால் வேகமாக வெட்டும், ஆனால் ஆரம்பிக்கும்போது மரத்தில் மாட்டிக்கொள்ளும்.

அரம் தகட்டுக்கு நேர்குறுக்காகவும் கிடையாகவும் போக வேண்டும். பக்கவாட்டுச் சரிவு கூடவே கூடாது. பழைய குறுக்குவெட்டுச் சரிவு முதல் சுற்றிலேயே போகாது, இரண்டு மூன்று சுற்று ஆகும். ஒவ்வொரு இடுக்கிலும் ஒரே எண்ணிக்கையில் ஓட்டுங்கள், முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம். பளபளப்புப் புள்ளி மறைந்த கணம் நிறுத்திவிட வேண்டும். ஒரு ஓட்டு அதிகம் போனால் அந்தப் பல் குட்டையாகிவிடும்.

செட்டைக் கூட்ட வேண்டியிருக்காது, குறைக்கத்தான் வேண்டியிருக்கும். வழவழப்பான தாடை உள்ள வைஸில், இரு பக்கமும் ஒரு தாள் வைத்துப் பல்வரிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். பிறகு கழிவு மரத்தில் வெட்டி, தடத்தில் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய அளவுத் தகடு) நுழைத்து அளந்து பாருங்கள். 0.8 தகட்டுக்குத் தடம் 0.95 வந்தால் போதும்.

இத்தனையும் செய்தால் வெட்டும், நன்றாகவே வெட்டும். ஆனால் 1 மி.மீ. தடம் என்பது உங்கள் டிராயரில் அதிகம்தான். வால்களுக்கு நடுவே மேலே 3 மி.மீ. இடைவெளி விட்டு அழகாகச் செய்ய ஆசைப்பட்டால் இரண்டு தடத்திலேயே 2 மி.மீ. போய்விடும். இடைவெளியை 6 மி.மீ. ஆக்கிக்கொண்டால் இந்த ரம்பமே தாங்கும்.

புதுத்தச்சன்:

எல்லாருக்கும் நன்றி. பல்முனையைப் பார்த்தேன், கருநீலம் இல்லை, அரமும் ஏறுகிறது. டெனான் ரம்பத்தை நீளவாக்குத் தீட்டுக்கு மாற்றிவிடுகிறேன். கூடவே 14 அல்லது 15 பல் தள்ளுரம்பம் ஒன்று வாங்குவதாக முடிவு.

இன்னும் இரண்டு சந்தேகம். புது ரம்பம் வந்ததும் அது நேராக வெட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்பது? விலகினால் தப்பு ரம்பத்திலா, என் கையிலா என்று எப்படித் தெரியும்? அப்புறம் நேர்த்தண்டுக் கைப்பிடி உள்ள ஜென்ட்ஸ் ரம்பம் விலை பாதிதான் இருக்கிறது, அது போதாதா?

உளிமுனை:

ஜென்ட்ஸ் ரம்பத்தில் குறை தகட்டிலும் பல்லிலும் இல்லை. பிடி உருண்டை. தகடு நேராக நிற்கிறதா, ஒரு டிகிரி திரும்பியிருக்கிறதா என்று உள்ளங்கைக்குச் செய்தி வராது. துப்பாக்கிப்பிடி போன்ற கைப்பிடியில் மூன்று விரல் மட்டும் உள்ளே, ஆள்காட்டி விரல் தகட்டின் பக்கம் நீட்டியிருக்கும். விரல் காட்டும் திசையில் ரம்பம் போகும். பிடி உங்கள் மூன்று விரலுக்குச் சிக்கென்று இருக்க வேண்டும், நாலு விரலும் உள்ளே நுழைந்தால் பெரிது.

சோதனைக்கு முதலில் கண். பல்லை மேலே வைத்து, மூக்கிலிருந்து கைப்பிடி வரை ஒரு கண்ணால் நீளப் பாருங்கள். அலை தெரிந்தால், முதுகுப்பட்டை மடித்த வகை என்றால் சரிசெய்யலாம்: மூக்குப் பக்கம் பட்டையை மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் தகடு மறுபடி விறைக்கும். காடி வெட்டி ஒட்டிய பட்டை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பிறகு ஒரு துண்டுப் பலகையில் 5 மி.மீ. இடைவெளியில் நேர்க்கோடுகள் போட்டு, கோட்டைச் சரிசெய்ய முயற்சிக்காமல் வெட்டுங்கள். வெட்டிய தடங்களைப் பலகையின் முகத்தில் பாருங்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே சாய்வில் நேராகப் போயிருந்தால் தப்பு உங்கள் நிற்பிலும் மணிக்கட்டிலும். முழங்கை, தோள், ரம்பம் மூன்றும் ஒரே கோட்டில் இல்லை. தடம் நேராக ஆரம்பித்து, போகப் போக எப்போதும் ஒரே பக்கம் வளைந்திருந்தால் ரம்பம். எந்தப் பக்கம் செட் கூடுதலோ அந்தப் பக்கம்தான் இழுக்கும். அந்தப் பக்கப் பல்லின் மேல் ஒரு மென்மையான சாணைக்கல்லைத் தட்டையாக வைத்து, மூக்கு வரை ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள். திரும்ப வெட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஓட்ட வேண்டி வராது.

அரம்போடி:

தேக்கில் இன்னொன்று. எண்ணெய்ப் பிசுக்கு தகட்டில் ஏறிக்கொண்டு ரம்பம் இறுகும், செட் போதவில்லை என்று தோன்றும். செட்டைத் தொடாதீர்கள். சாதாரண மெழுகுவத்தியை இரு பக்கத் தகட்டிலும் தேய்த்தால் தீர்ந்தது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். மரத்தில் ஏறினால் பாலிஷ் பிடிக்காது. கடற்கரை ஊர் என்றால் வேலை முடிந்ததும் தகட்டை மெஷின் ஆயிலால் துடைத்து வையுங்கள். மறுநாள் மரத்தில் வைக்கும் முன் துணியால் துடைத்துவிட்டு மெழுகு போடுங்கள்.

இழுவாள்:

நடுவில் உள்ள கழிவை எடுப்பது பற்றி யாரும் பேசவில்லை. ரம்பம் வாங்கும்போதே அதையும் யோசியுங்கள். கோப்பிங் ரம்பத்தின் (வளைவாக வெட்டும் வில் ரம்பம்) தகடு 0.6 மி.மீ. தடத்தில் பெரும்பாலும் இறங்காது. அதைவிட மெல்லிய பிளேடு போடும் ஃப்ரெட் ரம்பத்தில் 5 அல்லது 7 எண் பிளேடு போட்டால் தடத்தின் அடி வரை இறங்கும், அங்கேயே மெல்லத் திருப்பி அடிக்கோட்டுக்கு (வெட்டின் ஆழத்தைக் குறிக்கும் கோடு) 1 மி.மீ. மேலே குறுக்கே வெட்டிவிடலாம். மீதியை உளி.

முகப்புப் பலகையில் இது ஆகாது. அங்கே 7 மி.மீ. மரம் நிற்கிறதே. ரம்பத்தைச் சாய்த்து மூலைக்கு மூலை வெட்டலாம், உள்மூலையில் முக்கோணமாக மரம் மிச்சமிருக்கும். அது முழுக்க உளி, கொட்டாப்புளி வேலைதான்.

புதுத்தச்சன்:

கடைசியாக ஒன்று. வாலுக்குச் சரிவு 1-க்கு 6-ஆ, 1-க்கு 8-ஆ? வாலை முதலில் வெட்டுவதா, பின்னையா?

உளிமுனை:

தேக்குக்கு 1-க்கு 8, சுமார் 7 டிகிரி. 1-க்கு 6 மெது மரத்துக்கு. அதை தேக்கில் போட்டால் வாலின் கூர்முனை மடியாமல் உதிரும்.

வாலை முதலில் வெட்டுங்கள். இரண்டு பலகையைச் சேர்த்து வெட்டுவது அப்போதுதான் நடக்கும். சரிவுக் கோடு செங்குத்தாக வரும்படி பலகையை வைஸில் சாய்த்துப் பிடித்தால் ரம்பத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. எதிர் மூலையில் மூக்கை வைத்து, ரம்பத்தின் பாரத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி இரண்டு மூன்று லேசான தள்ளு. தலைமுகம் (பலகையின் வெட்டு முனை) முழுக்கத் தடம் விழுந்ததும் கிடையாக்கி நீளத் தள்ளுங்கள். வாலின் சரிவு அரை டிகிரி பிசகினால் கவலை வேண்டாம், தலைமுகத்தில் குறுக்கே நேராக இருந்தால் போதும். பின்னை அதை வைத்துத்தானே குறிக்கப் போகிறீர்கள். பின்னை வெட்டும்போது மட்டும் கோட்டின் கழிவுப் பக்கம், கோடு முழுசாகத் தெரியும்படி. பென்சில் வேண்டாம், கத்தியால் கீறுங்கள். பலகையின் மறுபக்கத்திலும் அடிக்கோட்டைக் கத்தியால் கீறிவிட்டால், முதலில் சொன்ன அந்த நார் பிய்தல் அடிக்கோட்டைத் தாண்டி வராது.